காற்றாகத்தான் இருக்கும்

சோபியாவில், ட்ராம் திரும்பும் முனையில்,
ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில்
எங்கள் ஒலிப்பதிவுக் கூடம்.
ட்ராம் வளையும்போதெல்லாம் பதிவை நிறுத்துவோம்.
கீழே யாருக்காவது பல் பிடுங்கும்போதும்.

நான் காவலர்களுக்கு வசனம் எழுதுகிறவள்.
நாயகனுக்கு எழுதுபவர் வேறு,
அவருக்கு ஜன்னல் வைத்த அறை.
நாயகன் அதிகம் பேசமாட்டான்.
காதுக்குள் ஒரு கர்னல் ஓயாமல் பேசுவார்,
இவன் "புரிந்தது" என்பான்.
அந்தக் கர்னல்தான் துரோகி என்பது
இவனைத் தவிர எல்லோருக்கும்
முதல் காட்சியிலேயே தெரியும்.

என் ஆட்கள்
குளிருகிறது என்பார்கள்.
சிகரெட் தீர்ந்துவிட்டது என்பார்கள்.
அடுத்த மாதம் மகளைப் பார்க்கப் போகிறேன் என்று
ஒருவன் சொன்னால்
அவன் முதுகருகே கத்தி வந்துவிட்டதென்று அர்த்தம்.

அவர்கள் பார்வை ஒரு கூம்பு,
பதினெட்டு மீட்டர் நீளம்.
இடுப்புயரப் புல்லில் ஒருவன் குந்தினால்
அவனும் புல்.
தலைக்கு மேல் மஞ்சள் வில் நிரம்பும்,
சிவந்தால் சைரன்.
சிவக்காவிட்டால் தொண்ணூறு வினாடியில் மறதி.
கூட நின்றவன் காணாமல் போனது,
அலமாரிக் கதவிடுக்கில் அவன் பூட்ஸ் முனை,
எல்லாம் மறந்து
அதே பதினோரு அடி, திரும்பு,
அதே பதினோரு அடி.

இவ்வளவு மடையர்களாகவா என்று
கமெனிடம் கேட்டேன்.
"புத்தி கொடுத்துப் பார்த்தோம்," என்றான்.
"ஒருத்தரும் முதல் வேலியைத் தாண்டவில்லை."

வெலிஸார் பிப்ரவரியில் வந்தார்.
முப்பது வருடம் நாடக மேடையில்
இரண்டாம் அமைச்சர், மூன்றாம் கொலையாளி.
"என் பெயர் என்ன?" என்றார்.
காவலர் பதினான்கு, என்றேன்.
கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

"யாரங்கே?"
இருபத்தாறு விதமாகக் கேட்டார்.
தூக்கத்தில், எரிச்சலில், ஒருமுறை
கடன்காரனிடம் கேட்பதுபோல.
அடுத்த வரி:
"காற்றாகத்தான் இருக்கும்."

மெதுவாகச் சொன்னார்.
ஒவ்வொரு சொல்லையும் தரையில் இறக்கி வைப்பவர் போல.
கொஞ்சம் நிம்மதியாகச் சொல்லுங்கள், என்றேன்,
ஒன்றுமில்லை என்று நம்பிவிட்டவன்தானே அவன்.

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்.
"நம்பித்தான் சொன்னான் என்று
உங்களுக்கு யார் சொன்னது?"

எண்பத்திரண்டு, ஸ்ட்ரான்ஜா மலை, எல்லைக் காவல்.
அவருக்குப் பத்தொன்பது.
கம்பிக்கு இந்தப் பக்கம், புதருக்குள்
ஒரு இருமல்.
பாதி இருமல்.
மீதியை யாரோ உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்கள்.
சார்ஜென்ட் நின்று, என்ன அது, என்றான்.

"அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை,"
என்றார் வெலிஸார்.

சார்ஜென்ட்?
"என்னைப் பார்த்தான். மரங்களைப் பார்த்தான்.
ஆமாம், பலமான காற்று, என்றான்."

தாண்டினார்களா, என்று கேட்டேன்.

"ட்ராம் வருகிறது," என்றார்.
நிறுத்தினோம்.

அதற்குப் பிறகு எடுத்த முதல் பதிவையே வைத்துக்கொண்டேன்.
ஆகஸ்டில் சோதனைப் பிரிவு
ஒரு பிழை அனுப்பியது:
பதினான்காம் காவலர்
அந்த வரியைச் சொல்லும்போது
புல்லுக்குள் இருப்பவனை நேராகப் பார்க்கிறார்.
வில்லும் நிரம்பவில்லை.
கூம்பைத் திருத்தவா, என்றான் கமென்.
வேண்டாம், அது அப்படித்தான், என்று எழுதி
கோப்பை மூடினேன்.

எங்கள் ஆட்டத்தில் கொலைக்குப் புள்ளி கிடையாது.
அவன் திரும்பி நடக்கத் தொடங்கியதும்
பெரும்பாலோர் எழுந்து
பின்னாலேயே போகிறார்கள்.
அலமாரி பக்கத்தில்தான் இருக்கிறது.